சார்க் ஏன் ஐரோப்பிய ஒன்றியம் போல் ஆகவில்லை? பாகிஸ்தான் பகை மட்டும்தான் காரணமா?

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: ஐரோப்பாவில் இரண்டு உலகப் போர் நடத்திய நாடுகளே ஒரே சந்தையாகிவிட்டன, பெரும்பாலானவை ஒரே நாணயத்தையும் வைத்துக்கொண்டிருக்கின்றன; எட்டுத் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் தொடங்கி நாற்பது ஆண்டு ஆகியும் இங்கே ஏன் அது நடக்கவில்லை, இந்தியா–பாகிஸ்தான் பகை தீர்ந்தால் நடந்துவிடுமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அரசுகள் ஏன் சேரவில்லை என்பது ஒன்று. அரசுகள் சேர்ந்து கையெழுத்துப் போட்ட இடங்களில்கூட சரக்கு ஏன் தடையின்றிப் போவதில்லை என்பது மற்றொன்று. செய்தித்தாள்கள் முதலாவதைப் பற்றித்தான் எழுதும். எனக்குப் பழக்கம் இரண்டாவதுதான்: சுங்கம், வணிக ஒப்பந்தம், எல்லை வாசல். பாதுகாப்புக் கொள்கை என் துறை இல்லை. அந்தப் பக்கம் நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐரோப்பா. அங்கே உச்சி மாநாட்டில் கட்டித் தழுவிக்கொண்டு தொடங்கவில்லை. 1951இல் பாரிஸில் ஆறு நாடுகள் நிலக்கரி, எஃகு என்ற இரண்டே பொருள்களை ஒரு பொது அதிகார அமைப்பின் கீழ் கொண்டுவந்தன. அதன் முடிவு உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும். தகராறு வந்தால் தீர்க்க ஒரு நீதிமன்றமும் உடனே வந்தது. அதன் பலன் 1965இல் தெரிந்தது. பிரான்ஸ் கோபித்துக்கொண்டு ஏழு மாதம் கூட்டங்களுக்கே வரவில்லை. ஆனால் எல்லையில் லாரிகள் நிற்கவில்லை. தங்களுக்குள் இருந்த தீர்வைகளை, அதாவது இறக்குமதி வரிகளை ஒழித்து, வெளி நாடுகளின் சரக்குக்கு ஒரே தீர்வை வைக்கும் வேலை, குறித்த காலத்துக்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகவே 1968 ஜூலையில் முடிந்தது. அரசியல் சண்டை ஒரு பக்கம், சரக்குப் போக்குவரத்து ஒரு பக்கம் என்று பிரித்து வைக்க அவர்களால் முடிந்தது. தெற்காசியாவில் இல்லாதது அதுதான் என்பது என் கருத்து. இந்தப் பதில் முழுக்க அதைச் சுற்றித்தான் போகும்.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். சார்க் 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் தொடங்கியது. அதன் சாசனத்தின் பத்தாம் பிரிவில் இரண்டே வாக்கியம்: எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும், இருதரப்புப் பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரியவற்றையும் பேசக் கூடாது. ஆக, எந்த உறுப்பு நாடும் எதையும் நிறுத்திவிடலாம். எதனால் நிறுத்தியதோ அதைப் பற்றி மட்டும் பேச முடியாது. கடைசி உச்சி மாநாடு 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்தது. ஒரு நாட்டு வண்டி மற்ற நாட்டுக்குள் ஓட வழிசெய்யும் மோட்டார் வாகன ஒப்பந்தம் அங்கே மேசைவரை வந்தது, உள்நாட்டு நடைமுறைகள் முடியவில்லை என்று பாகிஸ்தான் சொன்னதால் நின்றுபோனது. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டிய மாநாடு, காஷ்மீரில் உரி ராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு ரத்தானது. அதற்குப் பின் மாநாடே இல்லை. இந்த அளவுக்கு, இந்தியா–பாகிஸ்தான் பகைதான் காரணம் என்பது உண்மை.

ஆனால் பாகிஸ்தானைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டும் பார்க்கலாம். அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்துவிட்டது. காத்மாண்டுவில் நின்றுபோன வாகன ஒப்பந்தத்தையே வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் கையெழுத்திட்டன. பாகிஸ்தான் அந்த அறையிலேயே இல்லை. அடுத்த ஆண்டு பூட்டானின் மேலவை அதை நிராகரித்தது. தங்கள் லாரிக்காரர்களின் பிழைப்பு போகும், குறுகிய மலைச் சாலைகளும் காடும் தாங்காது என்பது அங்கிருந்த பயம். அந்தப் பயம் நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். மற்ற மூன்று நாடுகள் மட்டும் தொடரலாம் என்று முடிவானது. ஆனால் எந்தப் பாதை, எந்த அனுமதிச் சீட்டு, எந்தக் காப்பீடு என்று சொல்ல வேண்டிய நெறிமுறைகள் இழுத்துக்கொண்டே போயின. பாகிஸ்தான் இல்லாத இன்னொரு கூட்டமைப்பு, வங்காள விரிகுடா வட்டார நாடுகளின் பிம்ஸ்டெக். 1997இல் தொடங்கியது, தடையற்ற வணிகத்துக்கான சட்டக ஒப்பந்தம் 2004இல் போட்டது. அந்தத் தடையற்ற வணிகம் இன்னும் வரவில்லை. காஷ்மீர் நாளையே தீர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நிலவியல் ஒரு பெரிய காரணம், அதை மாற்ற முடியாது. வட்டாரப் பொருளாதாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் இந்தியா. இந்தியாவை விட்டுவிட்டுப் பார்த்தால், தங்களுக்குள் நில எல்லை உள்ள உறுப்பு நாடுகள் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் மட்டுமே. நேபாளத்தின் காகர்பிட்டாவிலிருந்து வங்கதேசத்தின் பங்களாபந்தாவுக்கு நடுவே இருப்பது சிலிகுரிப் பக்கத்து இந்திய நிலம், சில பத்துக் கிலோமீட்டர்தான். ஆனால் அந்தச் சில பத்துக் கிலோமீட்டருக்கு டெல்லியின் அனுமதி வேண்டும். ஐரோப்பாவில் ஜெர்மனியும் பிரான்சும் ஏறக்குறைய சமமாக எதிரெதிரே நின்றன. ஒன்றை மற்றொன்று கட்டுப்படுத்தியது. இங்கே ஏழு நாடுகளும் ஒரே நாட்டோடு பேசுகின்றன. சிறிய நாடுகளுக்கு இந்தியச் சந்தை வேண்டும், இந்தியாவிடம் மாட்டிக்கொள்ளவும் கூடாது. இந்தியாவுக்கோ ஏழும் சேர்ந்து எதிரே உட்காருவதைவிட ஒவ்வொன்றாகப் பேசுவது வசதி. இதை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள். ஒப்பந்தங்களின் வடிவத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: நன்றாக நடப்பவை எல்லாம் இருதரப்பானவை.

சாஃப்டா என்ற தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 2004இல் கையெழுத்தாகி 2006 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை தங்கள் தீர்வையை முதலில் 20 சதவீதத்துக்கும் பிறகு 0 முதல் 5 சதவீதத்துக்கும் இறக்க வேண்டும். வங்கதேசம், நேபாளம் போன்ற குறை வளர்ச்சி நாடுகள் முதலில் 30, பிறகு 2016க்குள் அதே 0 முதல் 5. படிக்க அழகாக இருக்கும். ஓட்டைகள் மூன்று இடத்தில் இருந்தன. முதல் ஓட்டை சென்சிட்டிவ் லிஸ்ட். ஒவ்வொரு நாடும் 'இந்தப் பொருளுக்குக் குறைக்க மாட்டேன்' என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். பல நாடுகள் நூற்றுக்கணக்கான பொருள்களை அதில் போட்டன. பக்கத்து நாடு எதை நன்றாக உற்பத்தி செய்கிறதோ, பெரும்பாலும் அதுதான் பட்டியலில் இருந்தது. இதில் இந்தியாவுக்கு உரிய பாராட்டைக் கொடுத்துவிட வேண்டும்: 2011இல் குறை வளர்ச்சி நாடுகளுக்கான தன் பட்டியலை 25 பொருள் வரிசைகளாகச் சுருக்கியது. மிஞ்சியவை மதுவும் புகையிலையும்தான்.

இரண்டாவது ஓட்டை வெளியே அதிகம் பேசப்படாதது. ஒப்பந்தம் குறைக்கச் சொன்னது சுங்கத் தீர்வையை. வங்கதேசத்தில் அதற்கு மேல் துணைத் தீர்வை, ஒழுங்குமுறைத் தீர்வை என்று தனியாக உண்டு. இலங்கையில் செஸ் என்ற கூடுதல் வரி, துறைமுக–விமான நிலைய வரி. சுங்கத் தீர்வை பூச்சியம் என்று சந்தோஷப்பட்டுச் சரக்கை அனுப்பினால், போய் இறங்கிய இடத்தில் இவை எல்லாம் சேர்ந்து நிற்கும். இது வெறும் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. வருமான வரி கட்டுவோர் குறைவாக உள்ள நாட்டில் துறைமுகத்தில் வசூலிப்பதுதான் அரசுக்கு எளிது. அதை விட்டுக்கொடுங்கள் என்றால், ஈடாக எந்த வரியைப் போடுவது என்பதற்குப் பதில் வேண்டும். அந்தப் பதில் எந்த மாநாட்டிலும் வரவில்லை.

மூன்றாவது, பொருள் எங்கே உருவானது என்ற ஆரிஜின் விதி. இதை இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை வைத்துச் சொன்னால் தெளிவாகப் புரியும். 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடப்பில் இருப்பது அது. இலங்கையில் 35 சதவீதம் மதிப்புக் கூட்டியிருந்தால் பொருள் தீர்வையின்றி இந்தியாவுக்குள் வரலாம். அன்று இந்தியாவில் பாமாயிலுக்குத் தீர்வை அதிகம், இலங்கையில் குறைவு. என்ன நடக்கும்? தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பாமாயில் இலங்கைக்கு வந்தது, அங்கே வனஸ்பதியானது, தீர்வை கட்டாமல் இந்தியாவுக்குள் நுழைந்தது. பழைய செம்பும் இதே வழியில் வந்தது. இந்திய ஆலைகள் கூச்சல் போட்டன. 2006இல் வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 டன் என்று உச்சவரம்பு வந்தது. இதை நம்பி இலங்கையில் போட்ட ஆலைகள் படுத்துவிட்டன. நேபாளத்திலும் அதே கதை. 2002இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது வனஸ்பதிக்கு 1,00,000 டன், செம்புப் பொருள்களுக்கு 7,500 டன், அக்ரிலிக் நூலுக்கு 10,000 டன், துத்தநாக ஆக்சைடுக்கு 2,500 டன் என்று வரம்பு வைத்தார்கள். ஆனாலும் அண்மை ஆண்டுகளில் நேபாளத்தின் பெரிய ஏற்றுமதிப் பொருள்களில் ஒன்று சுத்திகரித்த சோயா எண்ணெய். எண்ணெயும் விதையும் அந்த நாட்டுக்கு எங்கிருந்தோ இறக்குமதியாகி வருபவை.

இதற்கு யாரையும் மோசடிக்காரர் என்று திட்டிப் பயனில்லை. இரண்டு நாடுகள் தங்களுக்குள் தீர்வையை எடுத்துவிட்டு, வெளி உலகுக்கு வேறு வேறு தீர்வை வைத்திருந்தால், குறைந்த தீர்வை உள்ள வாசல் வழியாகத்தான் சரக்கு நுழையும். இதைத் தடுக்க வழி இரண்டு. எல்லாரும் ஒரே வெளித் தீர்வை வைக்கலாம். ஐரோப்பா அதைச் செய்தது. இல்லையென்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆரிஜின் சான்றிதழ் கேட்டுச் சோதிக்க வேண்டும். தெற்காசியாவில் முதல் வழி நடக்காது. தன் விவசாயிக்காக இந்தியா வைக்கும் சமையல் எண்ணெய்த் தீர்வையை, எண்ணெய் வித்து பெரிதாக விளையாத மாலத்தீவு ஏன் வைக்க வேண்டும்? ஆகவே சான்றிதழ்தான் வழி. இந்தியா 2020இல் கொண்டுவந்த விதிப்படி, சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது. உற்பத்தி முறை, மூலப்பொருள் விலை, மதிப்புக் கணக்கு எல்லாவற்றையும் இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும். பெரிய நிறுவனம் சமாளித்துவிடும். சிறிய வியாபாரிகளில் பலர் சலுகையே வேண்டாம் என்று முழுத் தீர்வையைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இனி வாசலுக்கு வருவோம். கல்கத்தாவிலிருந்து டாக்கா போகும் வழியில் பெட்ராபோல்–பேனாபோல், இந்திய–வங்கதேச நில வணிகத்தின் மிகப் பெரிய வாசல். இந்திய லாரி போங்காவ் பக்கம் நிறுத்துமிடத்தில் முறைக்காகக் காத்திருக்கும். கடந்து போனதும் டாக்காவுக்கு ஓட முடியாது. எல்லை தாண்டி பேனாபோல் கொட்டகையில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டும். அங்கிருந்து வங்கதேச லாரியில் மறுபடி ஏற்றுவார்கள். உலக வங்கி 2021இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வாசலைக் கடக்க 138 மணி நேரம் ஆகிறது, அதில் 28 மணி நேரம் வண்டி மாற்றி ஏற்றவே போகிறது என்று கணக்கிட்டது. இதே அளவு போக்குவரத்துள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணிக்கும் குறைவு என்றும் அதே ஆய்வு சொல்கிறது. தீர்வை இதில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நாட்டு ஓட்டுநர் உரிமம் மறு நாட்டில் செல்லாது. காப்பீடு செல்லாது. அச்சுச் சுமை வரம்பு வேறு. இறக்கி ஏற்றுவதையே நம்பி இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான கூலிக் குடும்பங்கள். உணவுப் பொருளானால் மாதிரி எடுத்துத் தொலைவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்; அறிக்கை வரும்வரை தக்காளியோ இஞ்சியோ வண்டியிலேயே கிடக்கும்.

இவை எல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் தீரக்கூடியவை. தீராதது வேறு. எந்த நாடும் எந்த இரவிலும் தன்னிச்சையாக வாசலைச் சாத்திவிடலாம் என்பதுதான் அது. 1989 மார்ச்சில் இந்திய–நேபாள வணிக ஒப்பந்தமும், இந்திய நிலம் வழியாக நேபாளம் சரக்குக் கொண்டுபோக இருந்த கடவு ஒப்பந்தமும் காலாவதியானபோது இரண்டைத் தவிர மற்ற எல்லை வாசல்கள் மூடப்பட்டன. 2019 செப்டம்பர் 29 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. எல்லையில் லாரிகள் அப்படியே நின்றன. சில நாள் கழித்து டெல்லி வந்த அப்போதைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, முன்கூட்டியே சொல்லியிருந்தால் வேறு இடத்தில் வாங்கியிருப்போமே என்ற பொருளில் கேட்டார். வெங்காயம் போடாமல் சமைக்கச் சொல்லிவிட்டேன் என்று வேடிக்கையாகவும் சொன்னார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று மறுபடியும் அதே தடை, அதே அவசரம்.

புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தான் பொருள்கள் மீது 200 சதவீதத் தீர்வை வந்தது. அன்று பகலிலேயே பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கப் படிவத்தைப் போட்டுவிட்ட இறக்குமதியாளர்களிடமும் 200 சதவீதம் கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அறிவிக்கை இணையத்தில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 வினாடி; அதற்கு முன் தாக்கலான பில்களுக்கு அது பொருந்தாது என்று 2020 செப்டம்பரில் தீர்ப்பானது. வணிகக் கொள்கை வினாடிக் கணக்கில் மாறும் இடத்தில் யார் தொழிற்சாலை கட்டுவார்?

2025இல் வங்கதேசத்தோடு நடந்தது இன்னும் நல்ல பாடம், ஏனென்றால் அங்கே தீர்வை ஏற்கெனவே பூச்சியம். ஏப்ரல் 8 அன்று, இந்தியத் துறைமுகங்களும் விமான நிலையங்களும் வழியாக வங்கதேசச் சரக்கு மூன்றாம் நாடுகளுக்குப் போக 2020 முதல் இருந்த வசதியை இந்தியா திரும்பப் பெற்றது. சில நாளிலேயே, இந்திய நூல் நில வாசல் வழியாக வரக் கூடாது என்று வங்கதேசம் அறிவித்தது. மே 17 அன்று, வங்கதேச ஆயத்த ஆடைகள் நில வாசல் வழியாக வரக் கூடாது, மும்பைப் பக்கத்து நவசேவா, கல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டுமே வரலாம் என்று இந்தியா அறிவித்தது. அதுவரை அந்த ஆடைகளில் பெரும்பகுதி லாரியில்தான் வந்துகொண்டிருந்தது. ஒப்பந்தத்தின் ஒரு வரிகூட மாறவில்லை. தீர்வை அன்றும் பூச்சியம்தான். பாதை மட்டும்தான் போனது. இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. கோவை, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளுக்கு வங்கதேசம் வாடிக்கையாளர். திருப்பூருக்கு அதே வங்கதேசம் போட்டியாளர். ஒரே மாநிலத்துக்குள் நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு எதிரெதிர் நலன்கள். 'தமிழ்நாட்டுக்கு நல்லதா கெட்டதா' என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் அவர் எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள்.

இப்படி நடக்கும்போது போய் முறையிட இடம் கிடையாது. சாஃப்டாவில் தகராறு தீர்க்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. அது போய் நிற்பது உறுப்பு நாடுகளின் அதிகாரிகள் அமர்ந்த நிபுணர் குழுவிலும், அதற்கு மேல் வணிக அமைச்சர்களின் மன்றத்திலும். தடை போட்டவரும் நீதிபதியும் ஒரே அலுவலகத்துக்காரர்கள். ஐரோப்பிய நீதிமன்றத்தைப் போன்ற ஒன்றை இங்கே எந்த நாடும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. பெரிய நாடு விரும்பாது, சிறிய நாடுகளும் தங்கள் துணைத் தீர்வைகளை நினைத்துத் தயங்கும்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிட வேண்டும். தெற்காசியாவின் மொத்த வணிகத்தில் உள்வட்டார வணிகம் 5 சதவீத அளவுதான் என்று எல்லாரும் மேற்கோள் காட்டுவது சரியான எண். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியானில் அது கால் பங்குக்கு அருகில். ஆனால் 'தடைகள் இல்லாவிட்டால் 23 பில்லியன் டாலர் வணிகம் 67 பில்லியன் ஆகும்' என்ற உலக வங்கியின் 2018 கணக்கை அளந்து பார்த்த எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பொருளாதார அளவையும் தூரத்தையும் வைத்துப் போட்ட மாதிரிக் கணிப்பு அது. துபாய் வழியாக நடக்கும் இந்திய–பாகிஸ்தான் மறைமுக வணிகத்துக்குச் சொல்லப்படும் தொகைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை; எதையும் நம்பி வாதம் கட்ட மாட்டேன். 2015 செப்டம்பர் முதல் பல மாதம் நேபாளத்தில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது உறுதி. அது இந்தியா போட்ட முற்றுகை என்று காத்மாண்டு சொன்னது. நேபாளத்தின் தென் சமவெளியில் வாழும் மதேசி மக்களின் போராட்டத்தால் வாசல் அடைபட்டது என்று டெல்லி சொன்னது. எது எவ்வளவு என்று வெளியிலிருந்து அறுதியிட முடியாது. விளைவு மட்டும் கண்முன் இருக்கிறது: அடுத்த மார்ச்சில் நேபாளம் சீனாவோடு கடவு ஒப்பந்தம் போட்டது. வணிகம் வளர்ந்தால் சமாதானம் தானாக வரும் என்பதும் சான்று குறைந்த நம்பிக்கைதான். 1996இல் இந்தியா பாகிஸ்தானுக்கு மிகவும் வேண்டிய நாடு என்ற வணிகத் தகுதியை (மற்ற நாடுகளுக்குத் தரும் அதே தீர்வையை) கொடுத்தது. மூன்று ஆண்டில் கார்கில் வந்தது.

நன்றாக நடப்பது மின்சாரம். பூட்டானில் 336 மெகாவாட் சூக்கா, 1,020 மெகாவாட் தாலா போன்ற நீர்மின் நிலையங்கள் இந்தியப் பணத்தில் கட்டப்பட்டு, உபரி மின்சாரம் இந்தியாவுக்கு வருகிறது. மேற்கு வங்கத்தின் பகரம்பூரிலிருந்து வங்கதேசத்தின் பேராமாராவுக்கு 2013 முதல் இணைப்பு ஓடுகிறது. 500 மெகாவாட்டாகத் தொடங்கி 1,000 ஆனது. 2024 அக்டோபர் 3 அன்று நேபாளம், இந்தியா, வங்கதேசம் மூன்றும் ஓர் ஒப்பந்தம் போட்டன: ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை நேபாளம் 40 மெகாவாட் தரும், விலை யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட். நேபாளத்தின் தல்கேபரிலிருந்து முசாபர்பூர் 400 கிலோவோல்ட் பாதை வழியாக இந்தியா வந்து, பகரம்பூர் வழியாக வங்கதேசம் போகும். 40 மெகாவாட் என்பது ஒன்றுமே இல்லை, ஒரு நடுத்தர ஊருக்குக் காணாது. ஆனால் இந்தியாவைத் தாண்டி இரண்டு அண்டை நாடுகள் ஒன்றுக்கொன்று மின்சாரம் விற்பது அதுவே முதல் முறை.

மின்சாரத்தில் மட்டும் ஏன் நடக்கிறது? கம்பியைப் போட்டபின் பிடுங்கி வேறு பக்கம் திருப்ப முடியாது. நிறுத்தினால் விற்பவனுக்கும் அன்றே நட்டம். மீட்டர் இருக்கிறது, யார் எவ்வளவு எடுத்தார் என்பதில் தகராறு குறைவு. ஒப்பந்தம் பல ஆண்டுக்கு, விலை எழுதி வைத்தது. பருவமும் பொருந்துகிறது: மழைக்காலத்தில் நேபாளத்துக்கு உபரி, அதே மாதங்களில் வங்கதேசத்தில் தேவை உச்சம். அங்கும் அரசியல் முழுதாக விலகிப் போய்விடவில்லை. இந்தியாவோடு நில எல்லை இருந்தும் மின் ஒப்பந்தம் இல்லாத மூன்றாம் நாட்டின் முதலீடு உள்ள நிலையத்திலிருந்து வாங்கக் கட்டுப்பாடு என்று இந்திய விதி சொல்கிறது. பெயர் எழுதவில்லை, சீனா என்று எல்லாருக்கும் தெரியும். நேபாளத்தில் சீன நிறுவனங்கள் கட்டிய நிலையங்கள் இதில் மாட்டிக்கொண்டன.

ஒரே நாணயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வேண்டாம் என்பேன். 2022இல் இலங்கை ரூபாய் டாலருக்கு 200 என்ற நிலையிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. வலி மிகுந்த சரிவுதான், ஆனால் ஏற்றுமதியும் சுற்றுலாவும் மறுபடி எழ அந்தச் சரிவும் உதவியது. பொது நாணயத்தில் மாட்டியிருந்தால் கிரேக்கத்தைப் போலக் கூலியையும் ஓய்வூதியத்தையும் வெட்டியே அந்தச் சரிவை ஈடுகட்ட வேண்டியிருந்திருக்கும். அரை வடிவத்தில் நாணய இணைப்பு இங்கே ஏற்கெனவே உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பூட்டானின் நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்குச் சமம். 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். அதன் விலையும் தெரிந்ததே. 2016 நவம்பர் 8 இரவு இந்தியா 500, 1,000 ரூபாய்த் தாள்களைச் செல்லாது என்றபோது நேபாள மக்களின் கையிலும் அந்நாட்டு மத்திய வங்கியிலும் அதே தாள்கள் இருந்தன. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை; மாற்றித் தரவும் ஆண்டுக்கணக்கில் வழி பிறக்கவில்லை. ஐரோப்பிய மத்திய வங்கியில் மால்டாவுக்கும் ஒரு நாற்காலி உண்டு. இங்கே பொது நாணயம் என்றால் மும்பையில் இந்திய ரிசர்வ் வங்கி எடுக்கும் முடிவு என்றுதான் பொருளாகும். காத்மாண்டுவோ கொழும்போ அதற்குச் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது.

கடைசியாக இலங்கை–இந்தியா, ஏனென்றால் இதைப் படிக்கும் பலருக்கு அதுதான் நேரடி விஷயம். 2000 முதல் நடக்கும் ஒப்பந்தத்தை இலங்கை ஏற்றுமதியாளர்கள் நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். இந்தியாவுக்கு வரும் அவர்கள் சரக்கில் பாதிக்கு மேல் இந்தச் சலுகையில் வருகிறது. இந்தியாவிலிருந்து போகும் சரக்கில் சிறு பங்குதான் அதைப் பயன்படுத்துகிறது. முக்கியப் பொருள்கள் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன அல்லது அவற்றுக்கு ஏற்கெனவே தீர்வை இல்லை. தேயிலைக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ, ஆடைக்கு 8 மில்லியன் உருப்படி என்று வரம்பு. தொடக்கத்தில் எந்தத் துறைமுகம் வழியாக வரலாம் என்றுகூடக் கட்டுப்பாடு இருந்தது. நீலகிரியில் அன்று எழுந்த பயத்துக்கு மாறாக, தேயிலை அந்த வரம்பைத் தொடவே இல்லை. ஒப்பந்தமே இல்லாமல் நடக்கும் இணைப்பு இன்னும் பெரியது: கொழும்பில் கப்பல் மாறும் கண்டெய்னர்களில் பெரும்பகுதி இந்தியச் சரக்கு. அதிலும் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் திறந்தபின் கணக்கு மாறக்கூடும். எவ்வளவு என்று இப்போதே சொல்ல முடியாது.

அடுத்த கட்டமாகச் சேவைத் துறையையும் சேர்க்கும் எட்கா என்ற இந்திய–இலங்கை ஒப்பந்தப் பேச்சு 2016 முதல் நின்று நின்று நடக்கிறது. இலங்கை மருத்துவர்களும் ஐ.டி. துறையினரும் எதிர்ப்பதற்குக் காரணம், இந்தியாவிலிருந்து ஆட்கள் வந்து குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்வார்கள் என்ற அச்சம். அந்த அச்சத்தைத் தீர்க்கும் இடம் முகவுரை அல்ல, எந்தத் தொழிலுக்கு எத்தனை பேர், எத்தனை மாதம், யாருடைய பதிவுச் சான்று செல்லும் என்று சொல்லும் அட்டவணை. அது வெளியாகும் நாளில் அதோடு சேர்த்து, ஒரு தரப்பு சலுகையை நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், வழியில் இருக்கும் சரக்குக்கு என்ன கதி, தகராறை யார் கேட்பார் என்ற பிரிவுகளையும் தேடிப் பாருங்கள்.